முறுக்கிக் கோத்த சக்கரம்

ஒரு கம்பியை இன்னொரு கம்பியோடு ஒரு சுற்றுச் சுற்றி, அதன் பிறகுதான் இரண்டின் நுனியையும் ரிம்மில் செருக வேண்டும், வேலூர் பல் டாக்டர் அப்படித்தான் கேட்டிருக்கிறான், கேட்டான் என்பதா கேட்டார் என்பதா, வயதில் என் மகளுக்கு இளையவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுக்கமான கறுப்பு நிஜார் போட்டுக்கொண்டு ஏலகிரி மலைமேல் சைக்கிள் மிதிக்கிறவன், கேட்டான் என்றே இருக்கட்டும். ‘பனிப்பூ மாதிரி இருக்கும் அங்கிள்’ என்று போனில் படம் காட்டினான். ராணிப்பேட்டையில் பிறந்து வளர்ந்த நான் பனிப்பூவை எங்கே கண்டேன், படத்தில் கண்டேன், சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் நடுவில் ஜடை போலப் பின்னிக்கொண்டு நின்றன, அழகாகத்தான் இருந்தது. ‘இதுல பலம் இல்ல தம்பி, முறுக்குன எடம் ஒண்ணோட ஒண்ணு தேயும், கொஞ்ச நாள்ல தளந்துடும்’ என்றேன். ‘பலத்துக்கு வேற வீல் இருக்கு அங்கிள், இது பாக்கறதுக்கு’ என்றான். பார்க்கிறதுக்கு. இப்போது அந்தச் சக்கரம் என் மடியில் கிடக்கிறது, போன் மேஜைமேல் குப்புறக் கிடக்கிறது, பூங்காவனம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மத்தியானத்துக்குள் அவள் வயிற்றைத் திறந்துவிடுவார்கள். உள்ளே கட்டி இருக்கிறது, எப்படிப்பட்ட கட்டி என்று திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றாராம் டாக்டரம்மா. என் பெண்டாட்டி அங்கே, நான் இங்கே, நடுவில் ஒரு தெரு, ஒரு ரயில்வே கேட், ஒரு மதில். வாசலில் வந்து நின்றால் அந்த ஆஸ்பத்திரியின் மாடி தெரியும். நான் வாசலில் நிற்பதில்லை. அந்த மதிலுக்குள் இனி என் கால் படாது என்று ஆயிரம் பேர் முன்னால் சொன்னவன் நான், இன்றைக்கு வரை படவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரியும், பூங்காவனத்துக்கும் தெரியும், காலையில் ஆட்டோவில் ஏறும்போது ‘சோறு வடிச்சு வெச்சிருக்கேன், மோர் இருக்குது, கத்திரிக்கா கொழம்பு நேத்துது, சுட வெச்சுக்கோ’ என்றாளே தவிர, வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்று, இழு. கம்பி நுனியின் மரை, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளுக்குள் ஏறுவது முன்பெல்லாம் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலத் தெரியும், இப்போது ஏறுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. அது சர்க்கரையால் என்கிறார்கள். எனக்கு அது ஒரு வசதியாகக்கூட இருக்கிறது. எதுவும் குத்துவதில்லை. அந்தக் காலத்தில் நான் யோசித்தாலே ஆச்சரியக்குறியோடுதான் யோசிப்பேன், தோழர்களே, தொழிலாளர்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடத்தில் கற்றது அ ஆ மட்டும், மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் கற்றேன், ரோஸ் தாள், மஞ்சள் தாள், மை காயாமல் கையில் ஒட்டும் தாள், அதில் எல்லா வாக்கியமும் எழுந்து நின்றுதான் பேசும். எனக்குப் பெயர் வைக்கும் உரிமை கிடைத்தபோதும் அங்கேயிருந்துதான் எடுத்தேன், பொம்பளைப் பிள்ளைக்குத் தான்யா என்று வைத்தேன், ரஷ்யாக்காரி பெயர், பூங்காவனத்தின் ஆத்தா ‘தனியாவா, கொத்தமல்லியா’ என்று கேட்டது, இப்போது அது நாகரிகப் பெயராகிவிட்டது, தான்யாவின் ஷூ கம்பெனியில் அவளுக்குக் கீழே இரண்டு பேருக்கு அந்தப் பெயராம். கீழே. அவள் அங்கே சூப்பர்வைசர். இருக்கட்டும். இப்போது என் தலைக்குள் எல்லாம் முற்றுப்புள்ளி. பூங்காவனத்தின் வயிற்றில் கட்டி. முற்றுப்புள்ளி. வேலூருக்குப் போகலாம் என்றேன், காப்பீட்டு அட்டையை இந்த ஊரில் அந்த ஒரு ஆஸ்பத்திரிதான் எடுத்துக்கொள்ளும், வேலூரில் வேறு இருக்கிறது, ‘வேலூருக்கு யாரு வந்து கெடப்பாங்க, தான்யா லீவு போட்டா சம்பளம் போகும், நீ வந்து பொம்பள வார்டுல இன்னா பண்ணுவ’ என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள், அவள் பேசாமல் இருந்தால் நான் எதை எடுத்துக்கொள்வது. காலையில் ஆட்டோவில் கால் வைத்து ஏறினாள், சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள், டிரைவரிடம் ‘பள்ளம் பாத்துப் போப்பா’ என்றாள். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். பள்ளம் பாத்துப் போப்பா என்பதில் எனக்கு ஏதாவது இருக்கிறதா. இல்லை.

சாதாரணச் சக்கரத்தில் ஒரு கம்பி இரண்டின் மேலே போய் மூன்றாவதன் கீழே நுழையும், அது குருடனுக்கும் வரும், நான் வேலை பார்த்த சைக்கிள் கம்பெனியில் எங்கள் பகுதியில் அதைப் பேசிக்கொண்டே செய்வோம், கை தன் பாட்டுக்குப் போகும். கம்பெனி இருந்தது அந்த மதிலுக்குள்தான். அதன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. வேகத்தைக் கூட்டு என்று நிர்வாகம் சுற்றறிக்கை ஒட்டியது, நாங்கள் வேலையை நிறுத்தவில்லை, அழகைக் கூட்டினோம். அது என் யோசனை. சக்கரம் வட்டமாகச் சுற்றுகிறதா, கோட்டம் இல்லையா, இன்ஸ்பெக்டருக்கு இரண்டே கேள்விதான், கம்பிகளை எந்தப் பின்னலில் கோக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதவில்லை, எழுதாததைச் செய்தால் குற்றமில்லை என்று வக்கீல் சொன்னார். ஒரு கம்பி நேராக நிற்க இரண்டு பக்கமும் ஒவ்வொன்று சாய்ந்து நிற்கும் காக்கைக்கால், ஒரு பக்கம் நேர்க்கம்பியும் மறு பக்கம் பின்னலும், இரண்டிரண்டாகக் கட்டிய கம்பிகள் நடுவில் வெற்றிடம் விட்டு நிற்கும் கோலம், ஆளுக்கொரு தினுசு, ஒரு சக்கரத்துக்கு இரண்டு சக்கரத்தின் நேரம். ஒன்றும் உடையவில்லை, ஒருவனும் சும்மா உட்காரவில்லை, சரக்கு பாதிதான் வெளியே போனது. துரைக்கண்ணு, சங்கத்தின் துணைச் செயலாளன், பின்சக்கரத்தில்கூட எல்லாவற்றையும் நேர்க்கம்பியாகக் கோத்துவிட்டான், அதற்குத் துடைப்பம் என்று பெயர், நேர்க்கம்பி மிதியைத் தாங்காது, நடு ஹப் சுற்றும், ரிம் வராது. ‘யோவ் துரைக்கண்ணு, இந்த வண்டிய மொதலாளி மாப்ளைக்கு அனுப்பு, மிதிச்சிகினே இருப்பான், மாமியா வூட்டுக்குப் போயே சேர மாட்டான்’ என்று ஒருவன் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. ‘சேரலன்னா லாபம் யாருக்கு, மாமியாளுக்குத்தானே’ என்றான் அவன். அன்றைக்கு நான் சிரித்தேனா. நான் சங்கத்தின் செயலாளர், செயலாளர் சிரிக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. பிறகு கம்பெனியைப் பூட்டினார்கள். பிறகு கேட்டுக்கு வெளியே கொட்டகை, கஞ்சித் தொட்டி, பூங்காவனம் அந்தக் கஞ்சித் தொட்டியில்தான் இருந்தாள், கல்யாணமான புதிது, அரிசி கேட்டுத் தெருத்தெருவாகப் போவாள், உப்பு அதிகம் என்பவனிடம் ‘அது என் உப்பு இல்ல, உன் மொதலாளி போட்ட உப்பு’ என்பாள். பிறகு இடத்தை விற்றார்கள். பிறகு கடைசி வாயில் கூட்டம். இந்த மண் நம் வேர்வை, இதை விலை பேசியவன் எவனாக இருந்தாலும் அவன் கட்டும் கட்டடத்துக்குள் இனி என் கால் படாது என்றேன். கைகள் எழுந்தன. பார்க்க நன்றாக இருந்தது. அதில் பாதிப் பேர் இன்றைக்கு உள்ளே வரிசையில் உட்கார்ந்து ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்குகிறார்கள், என்னைத் தெருவில் கண்டால் கையில் உள்ள மருந்துப் பையை வேட்டிக்குள் மறைக்கிறார்கள். மறைக்கட்டும். மறைக்கிறவரைக்கும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

போன் மேஜைமேல் கிடந்தபடியே நடுங்கி நடுங்கி நகர்ந்தது, நான் எடுப்பதற்குள் நிப்பிள் கிண்ணத்தில் போய் இடித்தது. தான்யா. ‘அப்பா, நீ வரலையா?’ ‘நீ இருக்கியேம்மா.’ ‘நான் இருக்கறது வேற.’ ‘கையெழுத்து வேணுமா?’ ‘அதெல்லாம் நான் போட்டுட்டேன், அதுக்குக் கூப்பிடல.’ ‘பின்ன எதுக்கு?’ ‘ஒண்ணுமில்ல’ என்று வைத்துவிட்டாள். ஒண்ணுமில்ல. ஒன்றுமில்லாததற்கு ஒருத்தி போன் செய்வாளா. நான் பேச்சுவார்த்தை மேஜையில் எத்தனையோ முறை உட்கார்ந்தவன், எதிராளி ஒன்றுமில்லை என்றால் அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் எதிராளி யார் இங்கே. சுற்று, இழு. முறுக்கிய ஜோடியில் ஒன்று ஹப்பிலிருந்து முன்னால் சாய்கிறது, இன்னொன்று பின்னால், எதிரும் புதிருமாகப் போகிறவை நடுவில் ஒரு சுற்று கட்டிக்கொள்கின்றன, பிறகு அதனதன் வழி. துரைக்கண்ணு செத்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். மூச்சு வாங்கியது, மகன்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார்கள், அவனுக்கு அப்போது பேச்சில்லை, இருந்தால் வேண்டாம் என்றிருப்பான், என்றிருப்பானா. நான் கேட்டுக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்றேன். அவன் மருமகள் வந்து ‘மாமா உங்களத்தான் தேடுறாரு, கண்ணு வாசப்பக்கமே இருக்குது’ என்றாள். நான் நகரவில்லை. பிணமாக அவன் வெளியே வந்தபோது முதல் மாலை என்னுடையதுதான், ஊரே பார்த்தது, கொள்கைன்னா இதுய்யா என்று ஒருவன் சொன்னதும் காதில் விழுந்தது. அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நினைப்பு மாறவில்லை. ஆனால் அன்றிரவு பூங்காவனம் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், ஏன் என்று கேட்டேன், பசிக்கல என்றாள், அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது, அந்தப் பசிக்கல என்பதை நான் இன்று வரை எந்தக் கணக்கிலும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

வயிற்றைத் திறப்பார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். வயிற்றை. திறப்பார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பயம் வந்தால் நன்றாக இருக்கும், லத்தி அடியில் என் தோள் இறங்கியபோது பயம் வந்தது, லாக்கப்பில் மூத்திர நாற்றத்தில் விடியும்வரை பயம் வந்தது, அப்போதெல்லாம் பயத்தை அடக்குவது ஒரு வேலையாக இருந்தது, கைக்கு வேலை இருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். இப்போது அடக்குவதற்கு ஒன்றுமே இல்லை. தகரக் கூரை காய்கிறது. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ யாருக்கோ சமையல் சொல்லித் தருகிறார்கள், வெங்காயம் பொன்னிறமாக வதங்க வேண்டுமாம். பூங்காவனம் காலையில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, குடிக்கக் கூடாது என்றார்களாம், எனக்கு மட்டும் காபி போட்டுக் கொடுத்தாள், நான் குடித்தேன், சூடாக இருந்தது, குடித்து முடித்த பிறகுதான் அவள் குடிக்கவில்லை என்று தெரிந்தது. மறுபடியும் போன். ‘அப்பா, அம்மா உன்னக் கேக்குது. உள்ள கூட்டிகினு போறதுக்கு முன்னாடி வந்துடு.’ ‘கேட்டாளா? வாய்விட்டுக் கேட்டாளா?’ ‘கேட்டுச்சுப்பா.’ ‘இன்னான்னு கேட்டா, வார்த்தையச் சொல்லு.’ ‘நீ இன்னா லேபர் கோர்ட்ல குறுக்கு விசாரணையா பண்ற? வரியா இல்லையா?’ ‘நான் எப்படிம்மா அங்க’ என்று ஆரம்பித்தேன், அவள், ‘அப்பா, நீ மதிலப் பாக்காதே, ஆளப் பாரு’ என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். கத்துவது எங்கள் குடும்ப வழக்கம். அவள் குரல் மேடைக்கு ஏற்ற குரல், வீணாகப் போய்விட்டது, ஷூ கம்பெனியில் பொம்பளைப் பிள்ளைகளை வேலை வாங்குகிறது.

கடைசி ஜோடியை முறுக்கி நிப்பிள் மாட்டிவிட்டுச் சக்கரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். பனிப்பூதான். அப்புறம்தான் கண் அங்கே போனது. காற்றடிக்கும் துளை. டியூபின் வால்வு வெளியே வரும் அந்தத் துளை எப்போதும் இரண்டு கம்பிகள் விலகி நிற்கும் வெளியில் இருக்க வேண்டும், பம்பு உள்ளே நுழைய இடம் வேண்டும், முதல் கம்பியை எந்தத் துளையில் ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது, முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லித் தருவது அதுதான், அதைத் தப்பாக ஆரம்பித்தவனை ஒரு வாரம் காற்றில்லாதவன் என்று கூப்பிடுவோம். என் சக்கரத்தில் அந்தத் துளை இரண்டு கம்பிகள் நெருங்கிக் குவியும் இடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. விரல்கூட நுழையாது. காலையில், ஆட்டோ திரும்பிய சத்தத்தில், ஒரு துளை தள்ளி ஆரம்பித்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பியும் சரியாக, நியாயமாக, அந்த முதல் தப்பைப் பின்பற்றி வந்திருக்கிறது. முழுக்கப் பிரிக்க வேண்டும். பிரிக்க உட்கார்ந்தேன், ஒரு நிப்பிளைத் திருப்பினேன், இன்னொன்றைத் திருப்பினேன், மூன்றாவதில் திருப்புளியை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பிறகு சக்கரத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு என் சைக்கிளை எடுத்தேன்.

ரயில்வே கேட் திறந்திருந்தது. மூடியிருக்கும் என்று நினைத்திருந்தேன், மூடியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மிதித்துக்கொண்டே யோசித்தேன், அதற்குள் தாண்டிவிட்டேன். மதில் வெள்ளையடித்திருக்கிறது, பக்கத்தில் போனால் பழைய செங்கல் மேடு பள்ளம் அப்படியே தெரிகிறது. கேட்டில் காக்கிச் சட்டைக்காரன் கை நீட்டினான். வாக்கியம் வாயில் தயாராக இருந்தது, நான் யார் தெரியுமா, இந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா. ‘பெரியவரே, சைக்கிள உள்ள வுடக் கூடாது, அதோ அப்படிக்கா சாத்துங்க’ என்றான். சாத்தினேன். ‘யாரப் பாக்கணும்?’ ‘என் சம்சாரத்த.’ ‘போங்க’ என்றான், அதற்குள் அவன் பார்வை எனக்குப் பின்னால் வந்த ஆம்புலன்ஸுக்குப் போய்விட்டது. உள்ளே கால் வைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்துத் துப்பினாலாவது பதில் சொல்லியிருக்கலாம். தரை தரையாகத்தான் இருந்தது, வழவழப்பாக, பினாயில் வாசனையோடு. மாத்திரை வரிசையில் எங்கள் பெயிண்ட் பகுதியில் இருந்த வேதமுத்து உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்ததும் எழுந்தான், எதற்கு எழுகிறான் என்று தெரியவில்லை, வணக்கம் சொல்லவா ஓடவா, அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, பாதி எழுந்தபடியே நின்றான். நான் மாடிப்படி ஏறினேன்.

பூங்காவனத்தைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பச்சைத் துணி, தலையில் பச்சைக் குல்லாய், காதில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் முகம் சிறியதாக இருந்தது. தான்யா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்காவனம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேனா, என்னவோ நினைத்திருந்தேன். ‘இன்னாத்துக்குயா வந்த?’ என்றாள். ‘நீ கேட்டன்னு சொன்னாளே.’ ‘நான் எங்க கேட்டேன்? யேய் தான்யா, இன்னாடி சொன்ன உங்கப்பன்கிட்ட?’ தான்யா மூக்கை உறிஞ்சினாள். ‘காலையிலருந்து இந்த நர்சம்மா உங்க ஊட்டுக்காரர் எங்க எங்கன்னு கேக்குது, அவரு இந்த கேட்டுக்குள்ள வர மாட்டாரும்மா, சபதம் போட்டவருன்னு சொல்லிகினு கெடக்கேன், எல்லாரும் சுத்தி நின்னு கதை கேட்டாங்க, எம்மாம் பெருமையா சொன்னேன் தெரியுமா, இப்ப வந்து கோழிக் குஞ்சாட்டம் நிக்கிற.’ நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்தேன். அவள் குரல் இறங்கிவிட்டது. ‘அன்னிக்கு நானும்தான் கை தூக்குனேன். நீ மேடையில இருந்த, நான் கஞ்சித் தொட்டியாண்ட இருந்தேன், உனக்குத் தெரிஞ்சிருக்காது. நீ சொன்னத அல்லாரும் ஞாபகம் வெச்சிருக்காங்க, நான் சொன்னத யாரு கேட்டா. இன்னிக்குக் காலையில ஆட்டோ இந்தக் கேட்டுக்குள்ள திரும்பறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு, கட்டிக்காக இல்ல. சரி, என் சபதம்தான் போச்சு, அந்த மனுசனுதாவது நிக்கட்டும்னு மனசத் தேத்திகினு படுத்திருந்தேன். ரெண்டு பேருல ஒருத்தர்.’ கட்டிலைத் தள்ளுகிறவன் ‘போலாமா’ என்றான். நான் அவள் கையைப் பிடித்தேன். என் விரலில் கிரீஸ் இருந்தது, அவள் அதைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொள்ளவில்லை. சக்கரங்கள் உருண்டன, நானும் கூடவே நடந்தேன், ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கை சில்லென்று இருந்தது, சில்லென்று இருப்பது எனக்குத் தெரிந்தது. பெரிய கண்ணாடிக் கதவு வந்தது. நானும் உள்ளே போகப் போனேன். தள்ளுகிறவன் தன் தோளை எனக்குக் குறுக்கே கொண்டுவந்தான். ‘இதுக்கு மேல வரக் கூடாது பெரியவரே’ என்றான். ‘இல்லப்பா, கொஞ்சம்’ என்றேன், ‘ஒரு நிமிஷம்’ என்றேன், நான் எந்த மேஜையிலும் கேட்டிராத குரலில் ‘தயவு பண்ணி’ என்றேன். விடவில்லை. கதவு இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொண்டது. நான் வெளியே நின்றேன்.